டிக்கியில் பதிந்த கைகள்

டிரைவர் வேண்டாம், எடுப்பவரே ஓட்டிக்கொண்டு போகலாம் என்று மாமல்லபுரத்தில் கவியா நிறுத்திய வாடகைக் காருக்கு முதல் ஆளாக வந்தவள் பின்லாந்துக்காரி ஹன்னா.

அண்ணன் பூபாலன் சாவியைக் கொடுக்காமல் முறைத்தான். "வெள்ளக்காரிக்கு நம்ம ரோடு இன்னா தெரியும்? ஒரு கீறல் வுழுந்தாலும் வண்டிய சிங்கப்பெருமாள் கோயில் கம்பெனி டிரிப்புக்கு வுட்டுருவேன். அப்பால அழுவாத."

"வுழுந்தா பாக்கலாம். சாவியக் குடு, அண்ணாத்த."

முதல் நாள் மட்டும் கவியா பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். ஹன்னாவின் ஊரில் எல்லாமே மறுபக்கம். திரும்பும்போதெல்லாம் இண்டிகேட்டருக்குப் பதில் வைப்பரைப் போட்டுவிட்டாள். சுள்ளென்ற வெயிலில் வைப்பர் ஆட, டீக்கடையிலிருந்து ஒருவர், "மழை எங்க பெய்து, பாப்பா?" என்று கத்தினார். ஹன்னா அவருக்குக் கையாட்டினாள்.

திருக்கழுக்குன்றத்தில் வழி தவறி ஒரு சந்துக்குள் நுழைந்ததும் சிரிப்பு நின்றது. எதிரே தண்ணீர் லாரி. ஒரு பக்கம் சுவர், ஒரு பக்கம் சாக்கடை. பின்னால்தான் போயாக வேண்டும். கூப்பிடாமலே நாலு பேர் கூடிவிட்டார்கள். "வா, வா, வா" என்று டிக்கியைத் தட்டினார்கள்.

ஹன்னா சடாரென்று பிரேக் போட்டாள். மறுபடி தட்டல், மறுபடி பிரேக்.

"யாரையாவது இடித்துவிட்டேனா? எதற்கு அடிக்கிறார்கள்?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"நீயே எடும்மா!" என்றார் லாரிக்காரர் கவியாவிடம்.

கவியாவின் கை ஸ்டியரிங் பக்கம் போனது. எடுத்தால் வண்டி தப்பிக்கும். ஆனால் அண்ணன் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். கையை மடக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"அடிக்கவில்லை, வழி சொல்கிறார்கள். தட்டிக்கொண்டே இருந்தால் இடம் இருக்கிறது, வரலாம். ஓங்கி ஒரு தட்டு விழுந்தால் நிறுத்துங்கள்."

ஹன்னா ஜன்னலை இறக்கிக் காதைக் கொடுத்தாள். தட், தட், தட். அந்தத் தாளத்துக்குக் கார் பின்னால் நகர்ந்தது. சாக்கடையில் இறங்காமல் தப்பியது. சந்து முனையில் டப்பென்று ஒரு தட்டு. நின்றது. லாரிக்காரர் நீளமாக ஹாரன் அடித்து, ஒரு சல்யூட்டும் வைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் பூபாலன் காரைச் சுற்றிச் சுற்றி வந்தான். கீறல் இல்லை. டிக்கியின் புழுதியில்தான் கை கையாய்ப் பதிந்திருந்தது.

"இன்னாடி, ஊரே கை வெச்சிக்கீது?"

"ஊரே சேந்து கத்துக் குடுத்துச்சு. தொடைக்காத, இருக்கட்டும்."

மறுநாள் ஹன்னா வேடந்தாங்கலுக்குத் தனியாகக் கிளம்பினாள். கவியா பின்னால் போய் நிற்பதற்குள் பூபாலனே டிக்கியைத் தட்டிக்கொண்டிருந்தான்: "வா, வா, வா."

கார் தெருமுனையில் திரும்பியது. வைப்பர் அசையவில்லை, இண்டிகேட்டர் மின்னியது.