குளத்து கேட்

ஜூலை மாத வெயிலில், மார்புவரை ஏறும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு ஒரு மாட்டுக் குளத்துக்கு மீன் பிடிக்க வருகிறவனை என்னவென்று சொல்வது? வெர்லின் ஸ்ட்ரௌட் பிக்கப் வண்டியின் கதவைத் தள்ளித் திறந்து, ஏறு என்று தாடையால் காட்டினார். அமெரிக்காவின் மிசௌரியில் காலை ஆறு மணிக்கே சட்டை முதுகில் ஒட்டிக்கொள்ளும் நாள் அது. கிப் ஏறி உட்கார்ந்ததும் ரப்பர் சீட்டில் உராய்ந்து கீச்சிட்டது. கர்மம், கர்மம் என்று வெர்லின் மனதுக்குள் தலையில் அடித்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினார்.

கிப், ஓரின் டாக்கெட்டின் மருமகன். நகரத்தில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவன், போன மாதம்தான் பெண்டாட்டியோடு மாமனார் பண்ணைக்கே குடிவந்திருந்தான். ஓரினுடைய குளத்தில் தூண்டில் போடும் பாக்கியம் இந்த வட்டாரத்திலேயே வெர்லின் ஒருவருக்குத்தான் உண்டு. பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் வேலியோரம் நின்று ஓரின், "வந்து பிடிச்சுக்கோ" என்று சொன்னார். எழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. வாரம் முழுக்கக் கடையில் ஆணியும் தாழ்ப்பாளும் விற்கிற மனுஷன், சனிக்கிழமை விடியலில் அந்தக் கரையில் நிற்கப்போகிறோம் என்ற ஒரே நினைப்பில்தான் மற்ற நாட்களைத் தள்ளினார். இப்போது அதே ஓரின், "இவனையும் கூட்டிட்டுப் போ, கத்துக் குடு" என்றுவிட்டார். மாட்டேன் என்றால் குளம் போய்விடும். குளம் போனால் வெர்லினிடம் சொல்லிக்கொள்ள வேறு என்ன இருக்கிறது?

உலகத்தில் மீன் பிடிக்கிறவர்கள் யாரையுமே வெர்லினுக்கு ஆகாது. புழுவைக் கோத்து, மிதவையைப் போட்டுவிட்டு, மடக்கு நாற்காலியில் பீரோடு சாய்ந்து கிடப்பவர்கள் சோம்பேறிகள். மோட்டார் படகில் ஏரியைக் கிழித்துக்கொண்டு போகிறவர்கள் பைத்தியங்கள். இறகையும் நூலையும் வைத்துத் தன் கையாலேயே பொய்ப்பூச்சி கட்டி, மெல்லிய கோலால் அதைத் தண்ணீர்மேல் உட்கார வைக்கிறவன்தான் மனிதன். அந்தக் கணக்கில் மாவட்டம் முழுக்கத் தேடினாலும் ஒரே ஒரு மனிதன்தான் தேறுவான். அவன் யார் என்று கேட்கவே வேண்டாம். கிப்பைப் போலப் பதினெட்டுப் பை வைத்த சட்டையும் பளபளக்கும் புதுக் கோலுமாக வந்து நிற்கிற புதுசுகளை எந்த வகையில் சேர்ப்பது என்றே அவருக்குத் தெரியவில்லை.

மேய்ச்சல் நிலத்துக்கும் குளத்துக்கும் நடுவில் ஒரு இரும்பு கேட் உண்டு. பக்கத்து சீட்டில் இருப்பவன் இறங்கி கேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், ஓட்டுகிறவன் சொன்னபடி செய்ய வேண்டும். அங்கே பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி அது. அன்றைக்கு இறங்க வேண்டிய வேலையே இல்லை. கேட் அகலத் திறந்து, கம்பத்தோடு சங்கிலி போட்டுக் கட்டியிருந்தது.

"நேத்து இந்தப் பக்கம் வந்தியா?" என்றார் வெர்லின்.

"வந்தேன் சார், சும்மா பார்க்க. நான் வரும்போதே இது—"

"சரி சரி. தெரியும்."

திறந்தால் மூடத் தெரியாத ஜென்மம், என்று முடிவுகட்டிவிட்டார். முடிவுகட்டுவதற்கு வெர்லினுக்கு எப்போதுமே அதிக நேரம் பிடிக்காது.

குளக்கரை சேறாக மிதிபட்டுக் கிடந்தது. எங்கே பார்த்தாலும் குளம்புத் தடம். தண்ணீர் டீ நிறத்தில் கலங்கியிருந்தது. கிப் இடுப்பளவு இறங்கி நின்றதைப் பார்த்ததும் வெர்லினுக்குக் காரணம் கிடைத்துவிட்டது.

"நேத்தும் இப்படித்தான் இறங்கிக் குளத்தைக் கலக்கினியா? மீனுக்குக் கண்ணு தெரிய வேணாமா? வெளிய வா."

"நான் நேத்து இறங்கவே இல்லையே சார்."

"பின்ன என்ன, நானா இறங்கினேன்?"

கிப் கரையேறிக் கோலை வீசினான். முதல் வீச்சில் நூல் முள்செடியில் போய் மாட்டியது. இரண்டாவதில் அவனுடைய தொப்பியே பறந்தது. மூன்றாவதில் நூல் அவன் தோளைச் சுற்றிக்கொண்டது.

"தம்பி, அது மீன் பிடிக்கிற கோலு. ஈ விரட்டுற சாமரம் இல்ல."

கிப் சிரித்தான். கோபமே வரவில்லை அவனுக்கு. அதுதான் வெர்லினுக்கு இன்னும் எரிச்சல். ரோஷம் இல்லாதவனை எவ்வளவு நேரம் மட்டம் தட்டிக்கொண்டிருப்பது?

வெர்லின் கறுப்புப் பொய்ப்பூச்சியை நாணல் ஓரமாக வைத்தார். வைத்தார் என்றுதான் சொல்ல வேண்டும், அவ்வளவு அடக்கமாக விழுந்தது. உள்ளங்கை அகலப் புளூகில் மீன் ஒன்று கவ்வி, வட்டம் போட்டு இழுத்தது. எடுத்து, முள்ளைக் கழற்றி, திரும்ப விட்டார். இப்படி ஒன்பது மீன். கிப்புக்கு ஒன்றே ஒன்று கிடைத்தது, அதுவும் அவன் சிக்கெடுத்துக்கொண்டிருந்தபோது தானாக வந்து மாட்டியது. அவன் கையை நனைத்துக்கொண்டு, அதன் வழுவழுப்பு போகாமல் பிடித்து, நிறத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு விட்டான்.

"என்ன அழகு சார். கழுத்துல நெருப்பு மாதிரி இருக்கு."

"அது குருட்டு அதிர்ஷ்டம். அதைப் போய் ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரியாத."

ஒன்பது மணிக்கு வெயில் மண்டையைப் பிளந்தது. கிளம்பினார்கள். கேட்டைத் தாண்டியதும் வெர்லின் வண்டியை நிறுத்தினார்.

"இறங்கி மூடு."

கிப் இறங்கினான். சங்கிலியில் கை வைத்தவன் தயங்கினான். "இது திறந்து கட்டித்தான் இருந்துச்சு சார். எப்படி இருந்துச்சோ அப்படியே விடணும்னு மாமா சொல்லியிருக்காரு. ஒரு வார்த்தை அவரைக் கேட்டுட்டு வரட்டுமா?"

வந்ததே கோபம் வெர்லினுக்கு. நேற்று முளைத்த பயல், ரப்பர் கால்சட்டை போட்டவன், கேட்டைப் பற்றிப் பாடம் எடுக்கிறான்.

"பத்தொன்பது வருஷமா இந்த கேட் மூடித்தான் இருக்கு. அந்த வழக்கத்தை எனக்கே நீ சொல்லித் தர்றியா? மூடுன்னா மூடு."

கிப் சங்கிலியை அவிழ்த்து, கேட்டை இழுத்துச் சாத்தி, கொக்கி போட்டான். வழியெல்லாம் மணிக்கட்டை எப்படி வைக்க வேண்டும் என்று வெர்லின் பிரசங்கம் செய்துகொண்டே வந்தார்.

மறுநாள் காலை போன் வந்தது. ஓரின் ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: "வா." வைத்துவிட்டார்.

வெர்லின் காபியை அப்படியே வைத்துவிட்டு, வண்டியை விரட்டிக்கொண்டு போய்க் களஞ்சியத்துக்கு முன்னால் நிறுத்தினார். தரையில் நீலத் தார்ப்பாய் விரித்திருந்தது. அதற்கு வெளியே ஒரு மாட்டின் பின்னங்கால் நீட்டிக்கொண்டிருந்தது. ஓரினும் கிப்பும் பக்கத்தில் நின்றார்கள். கிப்பின் கையெல்லாம் கம்பி கிழித்த ரத்தக் கோடு.

"மாடு குடிக்கிற மேல் குளம் போன வாரமே வத்திப்போச்சு," என்றார் ஓரின். சத்தம் போடவில்லை. "முப்பது மாட்டுக்கும் நீ மீன் பிடிக்கிற குளம் ஒண்ணுதான் தண்ணி. அதுக்காகத்தான் கேட்டைத் திறந்து சங்கிலி போட்டுக் கட்டினேன். நேத்து நான் என் தம்பி வீட்டுல வைக்கோல் கட்டப் போயிட்டேன், வரும்போது இருட்டிப்போச்சு. காலையில பார்த்தா பாதி மாடு வேலியைப் பிச்சுக்கிட்டு உள்ள போயிருக்கு. இது கேட்டுல நசுங்கிக் கிடக்கு. தலையீத்துச் சினை."

குளம்புத் தடமும் கலங்கிய தண்ணீரும் வெர்லினின் கண்முன் வந்து நின்றன. எல்லாம் நேற்றே பார்த்தார். பார்த்து, எல்லாவற்றுக்கும் ஒரு ரப்பர் கால்சட்டையைக் காரணம் சொல்லிக்கொண்டார்.

"யாரு மூடினது?" என்றார் ஓரின்.

வெர்லின் வாயைத் திறப்பதற்குள் கிப் சொன்னான்: "நான்தான் மூடினேன் மாமா."

அதோடு நிறுத்திக்கொண்டான். யார் சொல்லி மூடினேன் என்று சொல்லவில்லை. வெர்லினுக்குள் என்னவோ தளர்ந்து மூச்சு வந்தது. பொய் இல்லையே, இவன் கைதானே மூடியது? குளம் தப்பித்தது. சரியான இளிச்சவாயன், என்றுகூட ஒரு கணம் நினைத்தார். வெட்கம் கெட்ட நினைப்பு, ஆனால் நினைத்தார்.

ஓரின் மருமகனைப் பார்க்கவில்லை. வெர்லினையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். தார்ப்பாயின்மேல் ஈக்கள் மொய்த்தன. வெர்லின் தன் பூட்ஸைப் பார்த்தார்.

"வண்டியை ஓட்டினது யாரு?" என்றார் ஓரின் கடைசியில்.

"நான்தான். ஆனா ஓரின்—"

"பக்கத்துல உக்காந்தவன் ஓட்டுறவன் சொன்னதைத்தான் செய்வான். இது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீயே சொல்லுவேன்னு பார்த்தேன். சொல்லியிருந்தா மாடு போனது போகட்டும்னு விட்டிருப்பேன்." ஓரின் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "இனிமே குளத்துப் பக்கம் வராத வெர்லின்."

பத்தொன்பது வருஷம் ஒரு வார்த்தையில் வந்தது, ஒரு வார்த்தையில் போனது. வெர்லின் வண்டியில் ஏறி, திருப்பி, பண்ணையின் ரோட்டோர கேட்டுக்கு வந்தார். அது திறந்து கிடந்தது.

பின்னால் கிப் ஓடிவந்தான். மூச்சு வாங்க கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றான். முகத்தில் கேலி இருந்தால்கூட வெர்லினுக்குத் தேவலையாக இருந்திருக்கும். இல்லை. நேற்று முள்செடியில் நூல் மாட்டியபோது இருந்த அதே முகம்தான்.

"சார், நீங்க உள்ள வரும்போது இது திறந்திருந்துச்சா, மூடியிருந்துச்சா?"

வெர்லின் யோசித்தார். அவசரமாக வந்தார். இறங்கித் திறந்தாரா, நேராக உள்ளே வந்தாரா? எவ்வளவு யோசித்தும் பிடிபடவில்லை.

"தெரியல," என்றார்.

"பரவால்ல சார். நான் போய் மாமாவைக் கேட்டுட்டு வந்துடறேன்," என்று கிப் வெயிலில் திரும்பி நடந்தான்.