எனக்கென்று ஒரு பேட்டரி

கேள்வி கேட்டது நான். பேட்டரிக் கடைக்காரர் பதில் சொன்னதோ என் பக்கத்தில் நின்று போனை நோண்டிக்கொண்டிருந்த மகனுக்கு.

"சார், இதப் போட்டுடுங்க. லாரிக்குப் போடறது. ஜீப்புக்கெல்லாம் தாராளம்."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "அண்ணே, ஜீப் என்னுது. ஓட்டறதும் நான்தான். அவன் சும்மா கூட வந்தவன். இந்தப் பக்கம் பாத்துப் பேசுங்க."

மகன், "அம்மா, ஆரம்பிச்சிட்டியா?" என்று முணுமுணுத்தான். ஆமாம், ஆரம்பித்துவிட்டேன்!

என்னிடம் நாற்பது தேனீப் பெட்டிகள் இருக்கின்றன. எங்கே பூக்கிறதோ அங்கே பெட்டிகளை ட்ரெய்லரில் ஏற்றிக்கொண்டு போவேன். அந்த வயல்களுக்குப் பாதை கிடையாது, சேறுதான் உண்டு. நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கிற வண்டி இல்லாவிட்டால் போய்ச் சேர முடியாது. பூ முடியும்வரை ஜீப்பின் பின்பக்கம்தான் என் படுக்கை. இருபது வருஷமாக இதுதான் பிழைப்பு, இதுதான் எனக்குப் பிடித்ததும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் டாக்டர் ஒரு குண்டைத் தூக்கிப் போட்டார். தூக்கத்தில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். மூக்கில் மாஸ்க்கை மாட்டி, காற்றைத் தள்ளுகிற ஒரு மிஷினோடுதான் இனித் தூங்க வேண்டும், ஒரு ராத்திரிகூட விடக் கூடாது என்றார். போன பருவத்தில் அந்த மிஷினை ஜீப்பின் ஒரே பேட்டரியில் மாட்டினேன். என் முட்டாள்தனம்தான், பூசி மெழுக மாட்டேன். மூன்றாம் நாள் மிஷினும் நின்றது, வண்டியும் கிளம்பவில்லை. இரண்டு ராத்திரி மிஷின் இல்லாமல் கிடந்து, தலை சுற்றிப் பெட்டி மேல் விழுந்து, நெற்றியில் நாலு தையல். டிராக்டர்காரர் ஒருவர்தான் தூக்கிக்கொண்டு வந்து சேர்த்தார்.

அன்றிலிருந்து மகனுக்கு ஒரே பாட்டு: பெட்டிகளை விற்றுவிடு. விற்க மாட்டேன் என்று நானும் ஒற்றைக்காலில் நின்றேன். கடைசியில் பெட்டிகளை வாங்க ஒரு ஆளையே பிடித்துவிட்டான். சண்டை முற்றி ஒரு பந்தயத்தில் வந்து நின்றது.

"சரி, ரெண்டாவது பேட்டரி போடு. நம்ம வீட்டு வாசல்லயே மூணு ராத்திரி ஜீப்புல தூங்கு. இன்ஜின ஓட்டக் கூடாது. மிஷின் நிக்காம ஓடணும். நாலாம் நாள் காலைல வண்டி கிளம்பணும். இல்லேன்னா பெட்டிய குடுத்துடணும்."

"குடுத்துடறேன்டா," என்று வாயை விட்டுவிட்டேன். சூரியகாந்தி மொட்டு வைத்துவிட்ட நேரம் அது.

அதனால்தான் கடையில் அத்தனை பிடிவாதம். "லாரி பேட்டரி இன்ஜின ஒரு உதை உதைக்கத்தான் லாயக்கு. ராத்திரி பூரா கொஞ்சம் கொஞ்சமா உறிஞ்சினா நாலே மாசத்துல படுத்துடும். மெதுவா காலியாகி மறுபடி நிரம்பறதுக்குன்னே செஞ்ச பேட்டரி இருக்கே, அதக் காட்டுங்க."

கடைக்காரர் முதல்முறையாக என்னைப் பார்த்தார். "அப்போ லித்தியமே போட்டுடுங்கம்மா. வெயிட்டே இருக்காது. இன்ஜின் பக்கத்துலயே வச்சிடலாம்."

"அந்தச் சூட்டுல வச்சு அத வறுத்துத் திங்கவா?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இன்வெர்ட்டர் ஒன்றையும் தலையில் கட்டப் பார்த்தார். மிஷினை நேராகப் பேட்டரியில் மாட்டுகிற வயர் என்னிடம் இருக்கிறது, நடுவில் அது எதற்குத் தண்டமாகக் கொஞ்சம் குடிக்க வேண்டும் என்றேன். மீட்டர் வைத்து வீட்டிலேயே அளந்திருந்தேன். மிஷினில் காற்றைச் சூடாக்குகிற பகுதியை அணைத்துவிட்டால் ராத்திரிக்கு இருபது ஏஎச் சார்ஜ் போதும். மூன்று ராத்திரிக்கு அறுபது. பாதிக்கு மேல் காலி செய்தால் பேட்டரியின் ஆயுசு குறையும்.

"அப்போ நூத்திருபது," என்றார் அவரே. பேட்டரியைப் பின்னால் படுக்கைக்குக் கீழே இரும்புச் சட்டத்தில் இறுக்கினோம். இன்ஜின் ஓடும்போது மட்டும் இரண்டு பேட்டரியையும் சேர்த்து, நின்றதும் பிரித்துவிடுகிற ஐசொலேட்டரை முன்னால் மாட்டினோம்.

மூன்று ராத்திரியும் மாஸ்க்கை மாட்டியதும் அடித்துப் போட்ட மாதிரி தூங்கினேன். நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு, பெட்டி வாங்க வந்தவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பின்னால் மிஷின் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்துவிட்டு முன்சீட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

டிக். மறுபடி டிக். அவ்வளவுதான்.

"போச்சா?" என்றார் வந்தவர். மகனைத் திரும்பிப் பார்த்தேன். ஜெயித்தவன் முகம் மாதிரி இல்லை.

மீட்டரை எடுத்தேன். பின்பேட்டரி பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் திடமாக நின்றது. முன்பேட்டரி பத்தைக்கூடத் தொடவில்லை. ஐசொலேட்டர் ஒழுங்காகத்தான் பிரித்திருக்கிறது. முன்பேட்டரியில் நான் எதையும் மாட்டவே இல்லையே! அப்புறம் யார் குடித்தது? குனிந்து பார்த்தேன். முன்சாக்கெட்டில் ஒரு போன் வயர் தொங்கியது. டேஷ்போர்டில் சின்ன ஃபேன். அதற்குப் பக்கத்தில் படிக்கிற விளக்கு ஒன்று, இன்னும் மங்கலாக எரிந்துகொண்டிருந்தது.

"டேய், இதெல்லாம் யாருது?"

தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டான். "என்னுதுதான். மூணு ராத்திரியும் நீ தூங்கினப்புறம் இன்னொரு சாவியப் போட்டு முன்சீட்ல வந்து உக்காந்துட்டேன்."

"எதுக்குடா?"

"உன் நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாக்க." குரல் உடைந்துவிட்டது. "போன தடவ டிராக்டர்காரர் போன் பண்ணப்போ, நீ போயிட்டேன்னுதாம்மா நெனச்சேன்."

அறைவதா, கட்டிக்கொள்வதா என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

"பயப்படு. பெத்தவளுக்காகப் பயப்படறது தப்பில்ல. அதுக்காக நான் ஆயுசு பூரா வீட்டுக்குள்ள உக்காந்து உன் பயத்துக்குக் காவல் காக்க முடியாதுடா. மூச்சு இருக்கறவரைக்கும் நான் போவேன்."

பானெட்டைத் திறந்தேன். தடித்த ஜம்பர் வயர் ஒன்றை எடுத்து ஐசொலேட்டரின் இரண்டு முனையையும் இணைத்தேன். செத்துக் கிடந்த முன்பேட்டரிக்குப் பின்பேட்டரி கை கொடுக்கப் பத்து நிமிஷம் விட்டேன். பிறகு ஏறிச் சாவியைத் திருப்பினேன்.

வண்டி ஒரு இருமல் இருமிவிட்டுக் கிளம்பிவிட்டது. மூன்று ராத்திரி எனக்கு மூச்சு கொடுத்த பிறகும் என் பேட்டரியில் இவ்வளவு தெம்பு இருந்தது!

வந்தவர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "அதெல்லாம் சரிம்மா. மொதல்ல திருப்பினப்போ கிளம்பலையே. பந்தயம்னா பந்தயம்தான?" என் முகத்தைப் பார்த்ததும் மகன் பக்கம் திரும்பிக்கொண்டார். "நீ சொல்லுப்பா. நீதானே வரச் சொன்ன?"

நான் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டேன். வாக்குக் கொடுத்தவள் நான். இவன் இப்போது 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை சொன்னால் என் நாற்பது பெட்டியும் போய்விடும்.

மகன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"நான்தான் வரச் சொன்னேன் அண்ணே. மன்னிச்சிடுங்க. எனக்குத் தூக்கம் வரணும்னு எங்கம்மாவோட பொழப்ப விக்கப் பாத்தேன்."

வந்தவர் முனகிக்கொண்டே கேட்டைத் தாண்டிப் போனார். மகன் என் பக்கம் திரும்பவே இல்லை. நேராகப் போய் ட்ரெய்லரைத் தனியாளாகத் தள்ளிக்கொண்டு வந்து ஜீப்பின் கொக்கியில் மாட்டினான்.