டால்ட்டி கேட்ட மூன்றாம் பகுதி

டால்ட்டி கல்யாண வீட்டுக்குள் நுழைந்ததுமே டீலியா மடியிலிருந்த வாத்தியத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். போன வருஷம் மில்டவுன் சந்தையில் அவள் அண்ணன் ஆஸ்டினின் இடது கையைத் தடியால் அடித்து நொறுக்கிய படுபாவி அவன்தான். மாட்டுத் தகராறா, பெண் தகராறா? ஒரு மண்ணும் இல்லை. ஆஸ்டினிடம் இருந்த ஒரு நடன மெட்டின் மூன்றாம் பகுதியைக் கேட்டான், ஆஸ்டின் தரமாட்டேன் என்றான், அவ்வளவுதான்.

முதல் இரண்டு பகுதிகள் கிளேர் மாவட்டம் முழுக்கப் பிடில்காரன் எவனுக்கும் தெரியும். மூன்றாவது அண்ணன் தங்கையின் ஹெஹிர் குடும்பத்துக்கு மட்டுமே சொத்து. இனி பிடில் தொட முடியாத ஆஸ்டின் அதை வாயால் பாடிப் பாடித் தங்கையின் கைத்துருத்தி வாத்தியமான கான்செர்டினாவில் ஏற்றிவிட்டிருந்தான். ஒரு தடவை காதில் விழுந்தால் போதும், டால்ட்டி அப்படியே விழுங்கிவிடுவான். அந்த நாய்க்கு அப்படி ஒரு காது.

பாதிரியார் கிளம்பியதும் ஆட்டம் சூடு பிடித்தது. கூட்டம் விடாமல் கேட்டதால் டீலியா அந்த மெட்டின் முதல் இரண்டு பகுதிகளையே திரும்பத் திரும்ப வாசித்தாள். டால்ட்டி கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவள் முன்னால் வந்து நின்றான்.

"எங்கடி மூணாவது?"

"மறந்துபோச்சு."

"உங்கண்ணன் கைக்கு மறந்த மாதிரி உன் கைக்கும் மறக்கடிக்கட்டுமா?"

சுவரோரம் நின்றிருந்த ஆஸ்டின் பாய்ந்து வந்து அவன் மூக்கில் தலையால் முட்டினான். ரத்தம் பீறிட்டது. டால்ட்டி முக்காலியை எடுத்து ஆஸ்டினின் முகத்தில் இறக்கினான். இரண்டு பல் தரையில் உருண்டது. அத்தோடு விட்டானா? டீலியாவின் மடியிலிருந்து கான்செர்டினாவைப் பிடுங்கிக் கீழே போட்டு மிதித்தான். அதன் துருத்தி கிழிந்தது.

டீலியா கணப்பிலிருந்த இரும்பு இடுக்கியை உருவினாள். டால்ட்டியின் முழங்காலில் ஒன்று போட்டாள். அவன் சாய்ந்து கணப்புக் கல்மேல் கை ஊன்றியபோது அந்த விரல்கள்மேல் ஒன்று, இன்னும் ஒன்று. எலும்பு முறிந்த சத்தத்தில் மணப்பெண் அலறினாள். ஆண்கள் ஓடிவந்து இடுக்கியைப் பறித்தார்கள்.

"இனிமே நீயும் வாசிக்க மாட்டே. போடா!" என்றாள். அவளுக்கு மூச்சிரைத்தது, ஆனால் மனசு குளிர்ந்திருந்தது.

"கை போனா என்னடி? வாய் இருக்குல்ல?" டால்ட்டி படுத்தபடியே மெட்டை முனகத் தொடங்கினான். இரண்டு பகுதி முடிந்து மூன்றாவதற்கு வந்தபோது குத்துமதிப்பாக எதையோ இழுத்தான். எல்லாம் தப்பு. டீலியாவுக்குச் சிரிப்பே வந்துவிட்டது.

"நிறுத்துடா, கழுதை!" ஆஸ்டின் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "அங்க எறங்கக் கூடாதுடா, ஏறணும்!"

"அண்ணே, வாயை மூடு!"

அவன் காதில் அது விழவே இல்லை. ரத்தம் வழிய, காலால் தாளம் தட்டி, மூன்றாம் பகுதியை முதலிலிருந்து கடைசிவரை பாடிவிட்டான். டால்ட்டி கண்ணை மூடிக் கேட்டான். பிறகு ஒரு சுரம் பிசகாமல் திருப்பிப் பாடினான்.

"இப்ப சரியா?"

ஆஸ்டின் தலையைச் சாய்த்து யோசித்தான். "கடைசியில இன்னும் கொஞ்சம் இழுக்கணும்."

அதுவரை அண்ணனை எதிர்த்து ஒரு வார்த்தை பேசியறியாத டீலியா, அவன் வாயிலேயே ஓங்கி அறைந்தாள்.