கெர்வெனானில் சிரிக்க மாட்டார்கள்

"கெர்வெனான் மீனவர்கள் அந்நியர் முன் சிரிப்பதில்லை" என்று பாரிஸிலிருந்து வந்த வரலாற்றாசிரியர் ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிவிட்டுப் போனார். அந்த ஒரு வரியை ஊரே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது. துறைமுகக் கல்லில்கூடப் பொறித்துவிட்டார்கள். வெளியூர்க்காரர் யாராவது உள்ளே நுழைந்தால் மதுக்கடைக்காரி அனாயிக் முகத்தை இறுக்கிக்கொள்வாள். அவர்கள் போன பிறகுதான் கடை சிரிப்பில் அதிரும்.

அன்று வந்தவள் ஆவணக் காப்பகத்தில் வேலை பார்க்கும் ஒதில் என்ற பெண். ஊற்றிக் கொடுத்த ஆப்பிள் மதுவைத் தொடாமலே சொன்னாள்.

"அந்த வரலாற்றாசிரியரோட டைரி கிடைச்சிருக்குங்க. அவர் இங்க இருந்தது ஒரே ஒரு நாள்தான். கடல்ல மூழ்கின பதினோரு பேரை உங்க ஊர்ல அடக்கம் பண்ணின நாள் அது."

மூலையில் இருந்த கிழவர் ழோஸ்லன் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

அனாயிக்குக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாவி மனுஷன்! எழவு வீட்டுக்கு வந்துட்டு, யாருமே சிரிக்கலைன்னு எழுதிட்டுப் போயிருக்கான். நாமளும் இத்தனை வருஷமா அந்தத் துக்கத்தையே காத்துக்கிட்டிருக்கோம்!"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, கிழவர் பக்கம் திரும்பினாள்.

"போதும், ழோஸ்லன். நேத்து சொல்லி எங்களைச் சிரிக்க வச்சியே அந்தப் பாதிரியார் கதை, அதை இந்தப் பொண்ணு முன்னாலயே சொல்லு."