இடது பக்கத்து டேப்

"பாதியில இறங்கிட்டு வர்றவனுக்கெல்லாம் எதுக்குய்யா சைக்கிள்?"

டிவியில் ஓர் ஆசாமி சோபாவில் கால்மேல் கால் போட்டுக்கொண்டு கேட்டான். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் தொப்பை. அணியின் லாரிக்குள் சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்த மெக்கானிக் துணியைச் சுருட்டி டிவி மேலேயே வீசினார்.

"வந்துட்டான்யா நியாயம் பேச!"

இருபத்தொரு நாள் சைக்கிள் பந்தயத்தில் அன்று பதினாறாவது நாள். மலையேற்றத்தில் மெக்கானிக்கின் மச்சினன் சைக்கிளை நிறுத்திச் சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். நடுவர் வந்து அவன் முதுகில் குத்தியிருந்த எண் அட்டையைக் கழற்றிக்கொண்டார். அதைக் கழற்றிவிட்டால் மறுபடி பந்தயத்துக்குள் வர முடியாது, அவ்வளவுதான். கேமரா அதைக் கிட்டப் போய்க் காட்டியது. மத்தியானத்துக்குள் ஊர் உலகமெல்லாம் அவனுக்குக் கோழை என்று பேர் வைத்தாகிவிட்டது.

ஐந்து மணிக்கு அணியின் மேனேஜர் பத்திரிகைக்காரர்களிடம் பேசுகிறார். 'மனசு தளர்ந்துட்டான்' என்று அவர் வாயால் ஒரு வார்த்தை வந்தால் போதும், அடுத்த வருஷம் எந்த அணியும் பையனைச் சீந்தாது. "என் தம்பியக் கண்ணுல வச்சுப் பாத்துக்கங்க" என்று மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள்.

நாலு நாளைக்கு முன் மழையில் அவன் இடது தோள் தரையில் அடிபட விழுந்தான். எழுந்து ஓட்டினான். ஹேண்டில்பாருக்குத் தினமும் புது வெள்ளை டேப் சுற்றுவது மெக்கானிக்கின் வழக்கம். மறுநாள் சாயங்காலம் பிரித்தபோது வலப்பக்கம் வியர்வையும் அழுக்குமாய்க் கறுத்திருந்தது. இடப்பக்கமோ சுற்றியது சுற்றியபடி வெள்ளையாக இருந்தது. கை சும்மா மேலே கிடந்திருக்கிறது, பிடிக்கவே இல்லை. அடுத்த நாளும் அப்படித்தான். அதற்கடுத்த நாளும். குப்பையில் போட மனசு வராமல் மூன்று நாள் டேப்பையும் ஜோடி ஜோடியாகச் சுருட்டி டிராயரில் வைத்திருந்தார்.

ஓட்டலின் சாப்பாட்டு அறையில் மேனேஜர் மைக்கைப் பிடித்திருந்தார். "உடம்புக்கு ஒண்ணும் இல்லீங்க. மனசுதான்..."

மெக்கானிக் கிரீஸ் கையோடு உள்ளே நுழைந்து மூன்று ஜோடிச் சுருளையும் மேஜையில் போட்டார்.

"இதப் பாருங்க. கறுப்பு, வலது கை. வெள்ளை, இடது கை. மூணு நாள் ஒத்தக் கையில மலை ஏறி இறங்கியிருக்கான். கோழையாம்! சோபாவ விட்டு எறங்காதவனெல்லாம் பேசுறான், வெக்கமா இல்ல?"

முன்வரிசையில் இருந்த ஒரு நிருபர் அம்மா சாவதானமாகக் கேட்டார்: "இது உங்களுக்கு எப்ப தெரியும்?"

அந்தக் கேள்வியை மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை.

"முதல் நாளே."

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

மேனேஜர் "போதும், போதும்" என்று எழுந்தார்.

"இந்த மேனேஜர்கிட்ட சொன்னேன். 'இடது பக்கம் இன்னொரு சுத்து தடிமனா சுத்து, தாங்குவான்'னாரு. நான் ரெண்டு சுத்தா சுத்துனேன். இன்னிக்கு காலையில 'முடியல அத்தான்'னான். 'இன்னிக்கு ஒரு நாள் ஓட்டிடு மாப்ளே'ன்னு நான்தான் ஏத்திவிட்டேன். திட்டணும்னா எங்க ரெண்டு பேரையும் திட்டுங்க. இந்தக் கூட்டத்துல புத்தியோட நடந்துக்கிட்டவன் அவன் ஒருத்தன்தான்."

யார் முகத்தையும் பார்க்காமல் வெளியே வந்து அணியின் பஸ்ஸில் ஏறினார். கடைசி இருக்கையில் பையன் இன்னும் பந்தய ஜெர்சியோடு உட்கார்ந்திருந்தான். தனியாகக் கழற்ற முடியவில்லை, கூப்பிடவும் கூச்சம்.

"மன்னிச்சிடுங்க அத்தான்."

"வாய மூடுடா!" என்று கத்தினார் மெக்கானிக். கத்தரிக்கோலை எடுத்து ஜெர்சியின் இடது கைத்துணியைத் தோள்வரை மெல்ல வெட்டி விலக்கினார்.

தோள் கருநீலமாய்க் கன்றி, பன்னுபோல் வீங்கியிருந்தது. மூன்று நாளாக டேப்பைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தவர், தோளை இப்போதுதான் பார்க்கிறார்.