எட்டரை மணி இருப்பு

கிட்ட வாருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் குரல் முன்போல் எட்டுவதில்லை. இன்றைக்கு உங்களுக்குப் பணத்தைப் பற்றி ஒரு கதை வைத்திருக்கிறேன். பணக் கதையா என்று முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டாம். இதில் பணத்தைவிட மனுஷர்கள்தான் அதிகம்.

ஒரு பெரிய கம்பெனி. கப்பலில் சரக்கு ஏற்றி இறக்குகிற கம்பெனி. இருபத்துமூன்று நாடுகளில் கிளை. அதன் தலைமை அலுவலகத்தில், நாலாவது மாடியில், டிரெஷரி என்று பலகை மாட்டிய அறை ஒன்று. கம்பெனியின் பணம் எந்த நாட்டில் மிச்சமாகக் கிடக்கிறது, எந்த நாட்டில் முடையாக இருக்கிறது என்று காலையிலேயே பார்த்து, இங்கிருந்து அங்கே தள்ளிவிடுவதுதான் அந்த அறையின் வேலை. அதைப் பார்த்துவந்தவள் ஒரு பெண். கிளைக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் எட்டரை. காலை எட்டரை அடித்ததும் போனைக் கையில் எடுப்பாள், கடைசி நாட்டுக்குப் பேசி முடித்து வைக்கும்போது பத்தரை ஆகிவிடும். அதனால் வந்த பெயர்.

இப்போதுபோல் திரையைத் தட்டினால் இருப்பு வந்து நிற்கிற காலம் இல்லை அது. மேஜைமேல் போர்வை அகலத்துக்கு ஒரு தாள் விரித்திருப்பாள். இருபத்துமூன்று கட்டங்கள். சீவிய பென்சில். ஒவ்வொரு கிளையிலும் காசாளர் ஒருவர் போனை எடுத்து, நேற்றுச் சேர்ந்தது, இன்று வரவேண்டியது, இன்று போகவேண்டியது என்று மூன்று எண் சொல்வார். எண்ணோடு சேர்ந்து வருவதுதான் அவளுக்குப் பிடித்தது. ஒரு நாட்டில் மழை பேயாய்க் கொட்டும், அந்தச் சத்தம் போனில் கேட்கும். இன்னொரு நாட்டில் காசாளரின் நாய் குரைக்கும். ஒருவர் எண் சொல்வதற்கு முன் இரண்டு தடவை தும்முவார், தும்மாத நாளில் இவளே என்ன ஆயிற்று என்று கேட்பாள்.

வீட்டில் அவள் கணவர் பஸ் டிரைவர். கிண்டல்காரர். கோடி கோடியாகப் புரட்டிவிட்டு வருகிறவள் பையில் பஸ்ஸுக்குச் சில்லறை இருக்காது என்று தன் நண்பர்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். உண்மைதான், பல நாள் அவர் பஸ்ஸிலேயே டிக்கெட்டுக்குக் காசு இல்லாமல் ஏறியிருக்கிறாள்.

அவளுடைய முதல் போன் எப்போதும் துறைமுகத்தாருக்குத்தான். அவர் கிழக்கே வெகு தூரத்தில், ஒரு துறைமுகக் கிளையில் காசாளர். இவளுக்குக் காலை எட்டரை என்றால் அவருக்குப் பகல் ஒரு மணி. அங்கே பேங்க் மூன்று மணிக்கு மூடிவிடும், அதனால் அவரை முதலில் பிடிக்க வேண்டும். சாப்பிட்டுக்கொண்டே எண் சொல்வார். கரண்டி தட்டில் இடிக்கிற சத்தத்தை வைத்தே அன்றைக்குக் குழம்பா, உலர்ந்த சாப்பாடா என்று கண்டுபிடித்துவிடுவாள். அதற்குள் பன்னிரண்டு வருஷமாகத் தினமும் இரண்டு நிமிஷம் பேசியிருந்தார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அவர் மகள் நடக்கப் பழகியதும், பல் விழுந்ததும், கணக்கில் கோட்டை விட்டதும் இவளுக்கு அத்துப்படி.

இன்னொன்றும் அவளுக்குத் தெரியும். துறைமுகத்தார் பொய் சொல்வார்.

அதைச் சொல்ல வேண்டுமானால் கம்பெனியின் ஓர் ஏற்பாட்டைச் சொல்ல வேண்டும். சாயங்காலம் ஆனால் எல்லாக் கிளைகளின் கணக்கிலும் இருக்கிற பணத்தைத் துடைத்து எடுத்துத் தலைமைக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள். கிளையில் ஒரு காசு மிஞ்சாது. ஒரு பக்கம் பணம் சும்மா தூங்க, மறுபக்கம் கடனுக்கு வட்டி கட்டுவது மடத்தனம் அல்லவா, அதற்காக. சம்பளத்துக்கு முதல் நாள் வேண்டிய பணத்தை இவள் திருப்பி அனுப்புவாள்.

இந்த ஏற்பாடு வந்த முதல் வருஷம், துறைமுகக் கிளைக்குப் பணம் இரண்டு நாள் தாமதமாகப் போயிற்று. சரக்கு தூக்குகிறவர்கள் சம்பளக் கவருக்காக ஜன்னல் முன்னால் வரிசையில் நின்றார்கள். வெறுங்கையோடு அனுப்பினார் துறைமுகத்தார். அதற்குப் பிறகு, கயிறும் டீசலும் வாங்கவென்று துறைமுக வாசலில் ஒரு சின்ன பேங்கில் வைத்திருந்த கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்க ஆரம்பித்தார். அந்தக் கணக்கைத் தலைமை அலுவலகத்துக்குச் சொல்லவில்லை. உண்மையான எண்ணை மளமளவென்று சொல்பவர், ஒதுக்கிய நாளில் மட்டும் ஆயிரம் என்ற சொல்லுக்கு முன்னால் ஒரு நொடி நிற்பார். எத்தனை கப்பல் வந்து போயிற்று என்று இவளுக்குத் தெரியுமே, மனசுக்குள் கூட்டிப் பார்த்துக்கொள்வாள். ஒன்றும் கேட்க மாட்டாள். பென்சிலால் அவர் சொன்னதை எழுதிக்கொள்வாள்.

ஒரு புதன்கிழமை, நிதிப் பெரியவர் அவளைக் கூப்பிட்டார். கம்பெனியின் மொத்தப் பணத்துக்கும் அவர்தான் பொறுப்பு. நல்ல மனிதர், ஆனால் எண்ணைத் தவிர எதையும் நம்பாதவர். சில கிளைகள் பணத்தைப் பதுக்குகின்றன என்று அவர் காதுக்கு எட்டியிருந்தது. திங்கட்கிழமைக்குள் பட்டியல் வேண்டும் என்றார். துணைத் தலைவர் நாற்காலி காலியாக இருக்கிறது, அது யாருக்கு என்று தான் யோசித்துக்கொண்டிருப்பதாகவும், பேச்சோடு பேச்சாக, சொல்லி வைத்தார்.

அந்த நாற்காலி வந்தால் சம்பளம் ஒன்றரை மடங்கு. வாடகை வீட்டு மாடியில், ஒற்றை அறையில், குடும்பம் நாலு பேரும் முட்டிக்கொண்டு கிடப்பது முடிந்துவிடும். பட்டியலை எழுதினால் துறைமுகத்தார் வேலை போய்விடும். வியாழக்கிழமை காலை முழுக்க இதே உளைச்சல். அந்த உளைச்சலோடுதான் துறைமுகக் கிளையின் சம்பளப் பணத்துக்கு உத்தரவு எழுதினாள்.

வெள்ளிக்கிழமை எட்டரைக்கு போன் போட்டாள். கரண்டிச் சத்தம் இல்லை. பணம் வந்து சேரவில்லை என்றார் துறைமுகத்தார். அவள் சுவரைப் பார்த்தாள். அங்கே ஒவ்வொரு நாட்டு பேங்குக்கும் விடுமுறைப் பட்டியல் ஒட்டியிருந்தது. பணம் போக மூன்று நாட்டு பேங்குகள் திறந்திருக்க வேண்டும்: அனுப்புகிற நாடு, வாங்குகிற நாடு, எந்த நாணயத்தில் அனுப்புகிறார்களோ அந்த நாணயத்துக்குச் சொந்தமான நாடு. முதல் இரண்டைப் பார்த்திருந்தாள். மூன்றாவதைப் பார்க்கவில்லை. அங்கே வெள்ளியும் திங்களும் விடுமுறை. இந்த வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவள் செய்யக்கூடாத தப்பு. வேறு வழியாக அனுப்பலாம் என்றால், அந்த ஊர் பேங்க் மூட இரண்டு மணி நேரம்கூட இல்லை.

"தப்பு என்னோடது அண்ணே," என்றாள். "செவ்வாய்க்கிழமைக்கு முன்னாடி வராது."

இருநூற்று அறுபது பேர் அன்றைக்குச் சாயங்காலம் சம்பளம் வாங்க வேண்டும். 

"சம்பளம் போட்டுடறேன், தங்கச்சி," என்றார் அவர். "எப்படின்னு மட்டும் கேக்காதீங்க."

அவள் கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது. ஆனால் பணமே வந்து சேராத கிளையில் சம்பளம் போனால், அந்த மாதக் கணக்கைப் பார்க்கிற எவருக்கும் புரிந்துவிடும். தன் கழுத்தில் தானே சுருக்கு மாட்டிக்கொள்கிறார் என்று இருவருக்குமே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கணவரிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டே கேட்டார். நாற்காலியைப் பற்றிச் சொன்னபோது கை சற்று நின்றது. பிறகு மறுபடி தேய்த்தார்.

"நான் ஓட்டுற பஸ்லகூட ஸ்டெப்னி டயர் ஒண்ணு சும்மாதான் கிடக்கு," என்றார். "அதைப் பதுக்கி வச்சிருக்கான்னு என்னை யாரும் புடிக்கல."

திங்கட்கிழமை நிதிப் பெரியவர் மேஜைமேல் இரண்டு தாள் இருந்தன. ஒன்று, சம்பளப் பணம் போய்ச் சேரவில்லை என்று பேங்க் அனுப்பியது. மற்றது, சம்பளம் முழுக்கக் கொடுத்தாயிற்று என்று துறைமுகக் கிளை அனுப்பியது. இரண்டையும் அவள் பக்கம் தள்ளினார்.

"காசே இல்லாம எப்படிம்மா சம்பளம் போட்டான் இவன்?"

பேங்க் முன்பணம் கொடுத்தது என்று சொல்லிவிடலாம். நாக்கு நுனிவரை வந்தது அது. விழுங்கினாள்.

"விடுமுறையைப் பாக்காம அனுப்பினது நான் சார். அவர் தனியா ஒதுக்கி வச்சிருந்த பணத்துல சம்பளம் போட்டார். ஒதுக்கறார்னு எனக்கு ரொம்ப வருஷமா தெரியும். நான்தான் சொல்லல."

"தெரிஞ்சே எழுதிக்கிட்டியா?"

"தெரிஞ்சேதான்."

"வேற யாரெல்லாம் வச்சிருக்காங்க?"

"அது எனக்குத் தெரியும் சார். ஆனா எழுதித் தர மாட்டேன். கணக்கைச் சுத்தமா தொடைச்சு எடுத்துட்டு, ஜன்னல் முன்னாடி நிக்கிறவங்களுக்கு நீயே பதில் சொல்லுன்னா, அவங்க வேற என்ன பண்ணுவாங்க?"

நிதிப் பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மாட்டினார், மறுபடி கழற்றினார்.  அவள் கைப்பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள், வேலை போயிற்று என்றே நினைத்துக்கொண்டு. கடைசியில் அவர் கேட்டது இதுதான்: சம்பளத்துக்கு எத்தனை நாள் முன்பிருந்தே பணத்தைக் கிளையிலேயே விட்டு வைத்தால் இவர்கள் பொய் சொல்லாமல் இருப்பார்கள்? மூன்று நாள் போதும் என்றாள்.

அடுத்த மாதம் அவர் கையெழுத்தோடு அந்த விதி வந்தது. வந்த ஒரே வாரத்தில் பதினொரு கிளைகளிலிருந்து, "பழைய கணக்கைச் சரிபார்த்ததில்" என்று ஆரம்பித்து, ஒளித்து வைத்த பணமெல்லாம் வெளியே வந்தது. கிளைகளில் விட்டு வைத்ததைவிட வந்து சேர்ந்தது அதிகம். நிதிப் பெரியவர் அந்தத் தொகை எழுதிய தாளைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்ததை அன்றுதான் அலுவலகம் முதன்முதலாகக் கேட்டது.

ஆனால் நாற்காலி அவளுக்கு வரவில்லை. வெளியிலிருந்து ஒருவர் வந்தார், எந்தக் கிளைக்கும் போன் போட்டறியாதவர். ஒற்றை அறையில் இன்னும் ஐந்து வருஷம் இருந்தார்கள். துறைமுகத்தாருக்கு வேலை தப்பியது, அந்த வருஷச் சம்பள உயர்வு போயிற்று, கண்டித்து ஒரு கடிதமும் வந்தது. அதை அவளுக்கு போனிலேயே முழுக்க வாசித்துக் காட்டினார். இத்தனை வருஷத்தில் கம்பெனி தன் பெயருக்கு எழுதிய முதல் கடிதம் இதுதான் என்றார், கொஞ்சம் பெருமையாகக்கூட.

அப்புறம் ஆறு வருஷம் ஓடிற்று. இயந்திரம் வந்தது. அவள் வந்து உட்காருவதற்கு முன்பே இருபத்துமூன்று நாட்டு இருப்பும் திரையில் வந்து நின்றுவிடும், ஒரு காசு பிசகாமல். மழை இல்லை, நாய் இல்லை, தும்மல் இல்லை. முதல் நாள் காலை மேஜையில் தாள் விரிக்க வேண்டியிருக்கவில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். எட்டரை அடித்தது. எட்டு முப்பத்தைந்தும் ஆயிற்று.

போன் மணி அடித்தது. பன்னிரண்டும் ஆறும் பதினெட்டு வருஷத்தில் துறைமுகத்தார் பக்கத்திலிருந்து வந்த முதல் போன்.

"என்ன தங்கச்சி, இன்னிக்குக் கூப்பிடல?"

"திரையிலயே எல்லாம் வந்துடுச்சு அண்ணே. நீங்க சொல்றதுக்கு ஒண்ணும் இல்லையே."

"ஏன் இல்ல? பொண்ணுக்கு வேலை கெடைச்சிருக்கு. அது உங்க திரையில வந்துச்சா?"

வரவில்லை. அன்றைக்கு இரண்டு நிமிஷம் அல்ல, நாற்பது நிமிஷம் பேசினார்கள். வெளியிலிருந்து வந்த அந்தத் துணைத் தலைவர் இரண்டு தடவை கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். எட்டரை அவருக்கு முதுகைக் காட்டி நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டில் உழைத்துக் களைத்து வருகிறவர்கள் ஒருநாளும் வெறுங்கையோடு படி ஏறாமல் இருக்கட்டும். பிள்ளைகள் வயிறு நிறையட்டும். ஒருநாள் சத்தம் காட்டாவிட்டால் என்ன ஆயிற்று என்று விசாரிக்க ஓர் ஆள் உங்களுக்கு எந்தத் தேசத்திலாவது இருக்கட்டும். நல்லபடியாக வீடு போய்ச் சேருங்கள்.