சூடு ஆறும் வரை

ரகுபதி பானட்டைத் தூக்கி நிறுத்திவிட்டு, கழுத்தில் தொங்கிய கார் கம்பெனி அட்டையைச் சட்டைப்பைக்குள் செருகினான். காஞ்சிபுரம் ஆஸ்பத்திரியில் அண்ணன் உயிர் பிரிந்தபோதும் அதைக் கழற்றாதவன், கிரீஸ் படக்கூடாது என்பதில் கவனமாக இருந்தான்.

பின்சீட்டில் அந்த அண்ணன் பழனிவேலின் தலை மனைவி இந்திராணியின் மடியில் இருந்தது. சொந்த ஃபியட் இருக்கும்போது வாடகை வண்டி எதற்கு என்று கொழுந்தன்தான் அடம்பிடித்து ஏற்றிவந்தான். சுங்குவார்சத்திரத்தில், நாலுவழிச் சாலைக்குத் தோண்டிப்போட்ட மண்மேட்டருகே, வண்டி இரண்டு குலுக்குக் குலுக்கி நின்றுவிட்டது.

“பயப்படாதீங்க அண்ணி. தெனிக்கும் எத்தினி காரு நம்ம கையத் தாண்டி வெளிய போவுது! இது இன்னா, ஓட்ட டப்பா.”

தாண்டிப் போவது உண்மைதான். லைனில் அவன் பார்ப்பது இடப்பக்கக் கதவு ரப்பர். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதலில் இக்னிஷன் காயில் போச்சு என்று தீர்ப்புச் சொன்னான். பிறகு கார்புரேட்டரில் தூசு. கடைசியில் குரல் இறங்கியது.

“நின்னுச்சுன்னா அண்ணன் இன்னா பண்ணுவாரு அண்ணி?”

வெயிலில் ஓடினால் பெட்ரோல் பம்ப் கொதித்துவிடும். அதன்மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு, எதிர் டீக்கடை பெஞ்சில் உட்காருவார் பழனிவேல். அவள் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பும்போதெல்லாம் இதே இடம், இதே கதைதான். ஷிப்ட்டும் ஓ.டி.யுமாக வீட்டில் பேச வாய்க்காததையெல்லாம் அங்கேதான் பேசுவார். துணியும் தண்ணீர் பாட்டிலும் இப்போது அவள் காலடியில் கிடந்தன.

பிள்ளைப்பாக்கத்தில் பந்தல் போட்டிருப்பார்கள். வாசலில் போய் நின்றதும் ஆண்கள் கைநீட்டி அவரை வாங்கிக்கொள்வார்கள். பெண்கள் அவளைக் கட்டிக்கொள்வார்கள். அவரைத் தொட அவளுக்கு முறை வராது.

“எனுக்கு இன்னா தெரியும்? நீயே பாரு தம்பி. நிதானமா பாரு.”

டீக்கடை மாசானம் ஜன்னலில் குனிந்தார். தெற்கத்திக்காரர்.

“என்ன மைனி, இன்னைக்கும் மக்கர் பண்ணிட்டா? அண்ணாச்சி உறங்குதாவளோ?”

“ம்.”

“ரெண்டு டீதான?”

தலையசைத்தாள்.

ரகுபதி பிளக்கைக் கழற்றினான், ஊதினான், கைக்குட்டையால் துடைத்து மாட்டினான். அதற்குள் சூடு ஆறியிருந்த என்ஜின் சாவியைத் திருப்பியதும் பிடித்துக்கொண்டது.

“பாத்தீங்களா! பிளக்குதான்! அப்பவே நெனச்சேன்!” அட்டை வெளியே வந்து மறுபடி நெஞ்சில் ஆடியது.

மாசானத்திடம் காலி கிளாஸை நீட்டினாள். மற்ற டீயைக் கொடுக்கவில்லை. ஏடு படிந்து, விளிம்புவரை நிறைந்திருந்தது.

“மெதுவா போ தம்பி,” என்றாள். “சிந்திடும்.”